4 தலையணை உறைக்கு 3,620 ரூபாய்

தலையணை உறையெல்லாம் ஒரு தையலா, நேராக நாலு ஓட்டு ஓட்டினால் முடிந்தது என்று உங்களிடம் யாராவது சொன்னால், சொன்னவர் பல வருடம் மிஷினில் உட்கார்ந்தவராக இருப்பார். அவருக்கு அது நாலு ஓட்டுதான். எனக்கு 3,620 ரூபாயும், வீட்டுக்காரரின் நல்ல வேட்டி ஒன்றும், சித்திரை மாதத்துச் சாயங்காலங்கள் மொத்தமும் போயின. இதில் தையலால் போனது கொஞ்சம்தான். அளவு, மிஷின், துணி இந்த மூன்றில்தான் காசு கரைந்தது. அந்த மூன்றைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை, வீடியோக்களில்கூட ஏற்கெனவே நனைத்துத் தேய்த்து மடித்த துணியை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள்.

நான் இருப்பது மதுரையில், அம்மா வீடு போடிநாயக்கனூர். போடி என்றால் ஏலக்காய் என்பார்கள், ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் போவது இலவம் பஞ்சு மெத்தையும் தலையணையும்தான். அம்மா இந்த முறை 4 தலையணை கொடுத்துவிட்டார். பஞ்சு பற்றாக்குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அடைத்தது போல அப்படி ஒரு உப்பல். மதுரை வந்ததும் ஆன்லைனில் 2 ஜோடி உறை வாங்கினேன், 550 ரூபாய். 17க்கு 27 அங்குலம், நம் ஊரில் விற்கும் சாதாரண அளவு அதுதான். தலையணையின் மேல் டேப்பை வைத்துப் பார்த்தால் அகலம் 17, நீளம் 26. அப்படியென்றால் போக வேண்டும் இல்லையா? போகவில்லை. ஒரு பக்கத்தைத் திணித்தால் மறுபக்கம் பிதுங்கியது, எப்படியோ திணித்து முடித்தபின் தலை வைத்தால் கல்லின் மேல் வைத்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு அது பாலியஸ்டர். மதுரை வெயிலில் ஒரு ராத்திரி அதில் படுத்துப் பார்த்தால் தெரியும், காதோரம் ஈரமாகவே இருக்கும்.

இங்கேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உப்பலான தலையணையை மேலே டேப் வைத்து அளக்கக் கூடாது, இடுப்பளவு எடுப்பதுபோலச் சுற்றி அளக்க வேண்டும். என் தலையணையின் குறுக்கே சுற்றி அளந்தால் 39 அங்குலம், நீளவாக்கில் சுற்றினால் 56. அதில் பாதி 19½, 28. தட்டையாக விரித்துப் போட்ட உறைக்கு அதுதான் உண்மையான அளவு, அதோடு அரை அங்குலம் தளர்வு சேர்த்து 20க்கு 28½. 17 எங்கே, 20 எங்கே. பைபர் தலையணை என்றால் அமுங்கிக் கொடுக்கும், இலவம் பஞ்சு புதிதில் அவ்வளவு கொடுக்காது. இன்னொன்று, அளப்பதற்கு முன்னால் தலையணையை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போட்டு எடுங்கள். இலவம் பஞ்சு இழை உள்ளே குழாய் மாதிரி வெறும் காற்றுதான், வெயில் பட்டதும் ஈரம் போய் அமுங்கியதெல்லாம் மறுபடி பூரித்து எழும்பும். அமுங்கிய தலையணைக்கு அளவெடுத்துத் தைத்தால், அடுத்த முறை காயப்போட்டு எடுக்கும்போது உறை பற்றாது.

சரி, டெய்லரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மதுரையில் யாரைக் கேட்டாலும் புது மண்டபம் என்பார்கள். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே தூண்களுக்கு நடுவில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்கள், நின்ற இடத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் நான் போன நேரம் அப்படி. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அவர்கள் அத்தனை பேரும் அழகர் வேடத்துக்கான துணி தைப்பதில் மூழ்கியிருப்பார்கள், சிவப்பும் மஞ்சளும் ஜரிகையுமாக மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "அழகர் ஆத்துல எறங்கட்டும்மா, அப்புறம் வா" என்றார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத்தான் நாத்தனார் குடும்பமே எங்கள் வீட்டுக்கு வருகிறது, அவர்கள் வந்து போனபின் எனக்கு உறை எதற்கு? தெருவில் இருக்கும் பிளவுஸ் கடைக்காரம்மா உறையெல்லாம் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அதில் அவருக்கு ஒன்றும் நிற்காது, குறை சொல்ல முடியாது.

அந்தக் கோபத்தில்தான் கையில் பிடித்துத் தைக்கும் குட்டி மிஷினை ஆன்லைனில் வாங்கினேன், 1,190 ரூபாய். ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும், பேட்டரியில் ஓடும், விளம்பரத்தில் சர்ரென்று தைத்துக்கொண்டே போகும். தைக்கவும் செய்தது, பொய் சொல்லவில்லை. ஒரு உறையை முழுக்க முடித்துத் தலையணையைப் போட்டேன், மறுநாள் காலையில் ஒரு பக்கம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. விஷயம் என்னவென்றால் அந்த மிஷினில் அடிநூலே கிடையாது, ஒரே நூலைச் சங்கிலி மாதிரிக் கோத்துக்கொண்டு போகிறது. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, நுனியைப் பிடித்து இழுத்தால் கடகடவென்று பிரிந்து வருமே, அதே தையல். மூட்டைக்கு அது வசதி, ஏனென்றால் பிரிப்பதற்காகவே போட்ட தையல். தினமும் தலை உருளும் உறைக்கு? திருப்பி அனுப்பலாம் என்றால் பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. அடிநூல் சுற்றிய பாபினைக் கீழே போடும் வசதி இல்லாத எந்த மிஷினையும் உறைக்காக வாங்காதீர்கள். பேன்ட் அடிமடிப்பு பிரிந்தால் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

பெரியம்மா வீட்டில் ஒரு பழைய கால்மிஷின் சும்மா கிடந்தது, கறுப்பு நிறம், தங்க எழுத்து அழிந்துபோனது. ஆட்டோவில் ஏற்றி வந்தோம். மெக்கானிக் வந்து கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு 600 ரூபாய் வாங்கினார், தோல் பெல்ட்டும் ஊசியும் 150. அவர் ஓட்டிக் காட்டும்போது பூப்போல ஓடியது. அவர் தெருமுனை தாண்டுவதற்குள் என்னிடம் நின்றுவிட்டது. மேலே பார்த்தால் தையல் நன்றாக இருக்கிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடக்கிறது. அடியில் சிக்குவதால் பாபினில்தான் கோளாறு என்று பாபினைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தேன், அன்று ராத்திரி அழுகையே வந்துவிட்டது, ஒரு தலையணை உறைக்காக அழுகிறோமே என்பதற்காக இன்னும் கொஞ்சம். மறுபடி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போனிலேயே சிரித்துக்கொண்டு, "அடியில சிக்குனா மேல் நூலைப் பாருங்கக்கா" என்றார். இதை ஒரு சுவரில் எழுதி வைக்கலாம். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் மேல் நூல் சரியாக உட்காரவில்லை என்றால் நூல் பிடிமானம் இல்லாமல் கீழே வழிந்து கொத்தாகிவிடும். நூல் கோக்கும்போது துணியை அமுக்கும் காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். நான் காலை இறக்கி வைத்துக்கொண்டு கோத்திருக்கிறேன்.

மிஷின் பற்றி இன்னும் கொஞ்சம். ஊசியில் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும், நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் தையல் விட்டு விட்டு விழும். சாதாரணக் காட்டன் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி போதும். பெரியம்மா மிஷின் டிராயரில் டப்பா நிறைய நூல்கண்டு இருந்தது, ஆசையாக எடுத்துப் போட்டேன், எல்லாம் இற்றுப்போன பருத்தி நூல். கையில் ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் குப்பைக்கு. புதிதாக பாலியஸ்டர் நூல் வாங்குங்கள், உறை வெயிலிலும் சோப்பிலும் படும் பாட்டுக்கு அதுதான் நிற்கிறது. அப்புறம், நல்ல துணியில் கைவைப்பதற்கு முன்னால் பழைய காட்டன் புடவை ஒன்றை எடுத்து ஓட்டிப் பழகுங்கள். என்னிடம் ஒரு கிழிந்த சுங்குடி இருந்தது, வெளுத்து வெளுத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயம் போக வேண்டியதெல்லாம் போய், மெத்தென்று இருந்தது. அதில் ஓட்டிப் பழகிய உறைதான் இன்றைக்கும் நான் படுக்கும் தலையணையில் கிடக்கிறது, உழைக்காது, ஆனால் கன்னத்துக்கு அதைவிடச் சுகம் எதிலும் இல்லை.

இப்போது துணி. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் அரக்கு நிறத்தில் பூப்போட்ட காட்டன், 44 அங்குலப் பன்னா, அதாவது துணியின் அகலம், மீட்டர் 140 ரூபாய், மூன்றரை மீட்டர் எடுத்தேன், 490 ஆனது. தொட்டால் நல்ல கனம், விறைப்பு. "சாயம் போகாதுக்கா, கேரண்டி" என்றார் பையன். நேராக வீட்டுக்கு வந்து வெட்டினேன், தைத்தேன், நான்கும் கனகச்சிதம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வந்தவர்கள் படுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அலசிவிடலாமே என்று வாஷிங் மிஷினில் போட்டேன், உள்ளே வேட்டி இருந்ததைக் கவனிக்கவில்லை. வேட்டி ரோஸ் நிறத்தில் வந்தது. அதைக்கூட விட்டுவிடலாம், உறை காய்ந்தபின் எடுத்தால் நீளத்தில் ஒன்றரை அங்குலம், அகலத்தில் அரை அங்குலம் காணோம், துணியும் சல்லடை மாதிரி மெலிந்துவிட்டது. தலையணையை அமுக்கித் திணித்தேன், மூலையில் டர்ரென்று ஒரு சத்தம். நாத்தனார் வர இன்னும் கொஞ்ச நாள்தான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், எனக்கு அந்தக் கடைக்காரர் மேல்கூடக் கோபம் வரவில்லை, மொத்தத் துணி உலகத்தின் மேல்தான் வந்தது.

நடந்தது இதுதான். தறியில் இழுத்துக் கட்டி நெய்த பருத்தித் துணி முதல் தண்ணீர் பட்டதும் தன் இயல்புக்குத் திரும்பும். நூறு அங்குலத்துக்கு நாலைந்து அங்குலம் சுருங்குவது சகஜம், பெரும்பாலும் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம். அந்தக் கனமும் விறைப்பும் கஞ்சி, தண்ணீரில் அது போனபின் எஞ்சுவதுதான் உண்மையான துணி. கடையிலேயே துணியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் கசக்கித் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி உதிர்ந்தாலோ தேய்த்த இடம் மட்டும் தொளதொளத்துப் போனாலோ கஞ்சி அதிகம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து இழை நெருக்கத்தைப் பாருங்கள். சாயத்துக்கு ஒரு ஈர வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்தித் தேய்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொன்னார்கள், நானும் கைப்பிடி கைப்பிடியாக உப்பைப் போட்டுப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கூடுதல் சாயம் வெளியேறும் வரை தனியாக அலசுவதைத் தவிர வழி கிடையாது. சுத்தக் காட்டனா கலப்பா என்று பார்க்க ஓரத்திலிருந்து நீள இழை ஒன்று, குறுக்கு இழை ஒன்று உருவி வீட்டில் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையில் எரிந்து, தொட்டால் பொடிகிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நிற்கும். இரண்டு இழையையும் பார்க்கச் சொல்வது ஏனென்றால் ஒன்று பருத்தியாகவும் மற்றது பாலியஸ்டராகவும் இருக்கிற துணிகள் உண்டு.

இரண்டாவது முறை பெட்ஷீட்டுக்கு விற்கும் 90 அங்குலப் பன்னா காட்டன் வாங்கினேன், மீட்டர் 290, இரண்டு மீட்டர் 580 ரூபாய். விலை அதிகமாகத் தெரியும், கணக்குப் போட்டால்தான் விளங்கும். என் உறைக்கு வேண்டிய துண்டு 68க்கு 21½ அங்குலம். எப்படி என்றால், முன்பக்கம் 28½, பின்பக்கம் 28½, உள்ளே மடங்கும் பட்டி 8, இரண்டு வாய் ஓரமும் மடித்தடிக்க ஒன்றரை ஒன்றரை, மொத்தம் 68. அகலம் 20, பக்கத் தையலுக்கு இருபுறமும் முக்கால் முக்கால், 21½. இந்த 21½ஐ 44 பன்னாவில் இரண்டு போடலாம் என்று கடையில் தோன்றும், 43தானே. நனைத்தபின் அது 42 சொச்சம் ஆகிவிடும், இரண்டாவது துண்டு பற்றாது. 58 பன்னாவிலும் இரண்டுதான், 15 அங்குலம் மிச்சம் விழும். 90 பன்னா நனைந்து 87 ஆனாலும் நாலு துண்டு அடங்கும், 86. கரையைப் பக்கத் தையலுக்குள் தள்ளிவிட்டால் சரியாக வருகிறது. உங்கள் தலையணைக்கு அளவு வேறாக இருக்கும், இந்தக் கணக்கை வீட்டிலேயே ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள், கடையில் நின்றுகொண்டு போட்டால் வராது. துணி வந்ததும் ஒரு ராத்திரி வாளியில் ஊறட்டும், காலையில் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்கப்புறம்தான் கத்தரிக்கோல்.

தைத்த முறை இது. முதலில் துண்டின் இரண்டு குறுகிய ஓரங்களையும் அரை அங்குலம் ஒரு மடிப்பு, ஒரு அங்குலம் இன்னொரு மடிப்பு மடித்து அடித்துவிட வேண்டும். அப்புறம் தைத்து முடித்த உறை எப்படிக் கிடக்குமோ அப்படியே, நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்து, 8 அங்குலப் பட்டியை இரண்டு அடுக்குக்கும் நடுவில் செருகி வைத்து, இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். நல்ல பக்கத்தில் தைக்கிறோமே என்று கை நடுங்கும், பரவாயில்லை. பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு, உறையை உள்வெளியாகத் திருப்பி, மூலையைக் குத்தி நேராக்கி, அதே பக்கங்களை இன்னொரு தடவை அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் உள்ளடக்கமாகத் தைத்துத் திருப்பினால் பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கு நடுவில் புதைந்துவிடும். பிசிறு அடிக்கும் ஓவர்லாக் மிஷின் வேண்டாம், வாஷிங் மிஷினில் நூல் நூலாக வராது. வாய்ப் பக்கம் தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டிவிடுங்கள், தலையணையைத் திணிக்கும்போது முழு பலமும் அங்கேதான் விழுகிறது. பழைய மிஷினில் பின்னோக்கி ஓடாது என்றால் துணியைத் திருப்பி வைத்து அதே தையல் மேல் ஓட்டினால் போதும்.

உள்பட்டி 6 அங்குலம் போதும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். தட்டைத் தலையணைக்குப் போதும். உப்பலான தலையணை ராத்திரியில் புரளப் புரள 6 அங்குலப் பட்டியை வெளியே தள்ளிவிடுகிறது, 8 வைத்தால் நிற்கிறது. ஜிப் வைக்கலாமா என்றால், என் மகன் அதில் கன்னத்தைக் கீறிக்கொண்டான், எனக்கு வேண்டாம். பட்டன் காதில் அழுத்தும். இலவம் பஞ்சுக்கு இன்னொரு தொல்லை உண்டு, இழை வழவழவென்று மிக மெல்லியதாக இருப்பதால் உள்துணியின் தையல் இடைவெளியிலெல்லாம் வெளியே வந்து, காலையில் மூக்கில் அரிக்கும். அதற்கு நெருக்கமாக நெய்த துணியில் உள்ளுறை ஒன்று போட்டு நிரந்தரமாகத் தைத்தே மூடிவிட்டேன், அதன் மேல்தான் இந்த உறை. துவைப்பது வெளியுறையை மட்டும், பஞ்சை நனைக்கவே கூடாது. உள்ளுறை போடுவதாக இருந்தால் அதைப் போட்டபின் அளவெடுங்கள்.

ஆக, ரெடிமேட் உறை 550, குட்டி மிஷின் 1,190, மெக்கானிக்கும் சாமானும் 750, சாயம் போன துணி 490, நல்ல துணி 580, நூல் 60. வேட்டியைச் சேர்க்கவில்லை, வீட்டுக்காரர் இன்னும் சேர்க்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நாத்தனார் வந்த அன்று நாலு தலையணைக்கும் உறை இருந்தது, அவர் கவனிக்கவே இல்லை, மெத்தையைத்தான் பாராட்டினார். திருவிழா முடிந்தபின் சத்திரத்துப் பக்கம் போனபோது அந்தப் பெரியவரிடமே கேட்டேன், துணியைக் கொடுத்தால் ஒரு உறைக்கு 50 ரூபாய் என்றார். உங்களிடம் மிஷின் இல்லை, இரண்டு மூன்று தலையணைதான் என்றால் துணியை நீங்களே பார்த்து வாங்கி, நனைத்துக் காயவைத்து, சுற்றி அளந்த கணக்கில் வெட்டி எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போய்விடுங்கள், சித்திரையும் தீபாவளியும் மட்டும் வேண்டாம். டெய்லர் துணியை நனைக்கமாட்டார், தலையணையையும் பார்க்கமாட்டார், "பதினேழு இருபத்தேழுதானே" என்று கேட்டுவிட்டு வெட்ட ஆரம்பிப்பார். வெட்டிய துண்டைக் கொடுத்தால் அந்தப் பேச்சே வராது.